படகுக்கு அடியில் புல்

நுவரெலியா,
18.2.1962

முருகன் துணை

அன்புள்ள மீனம்மாவுக்கு உன் புருசன் சிவசாமி எழுதிக்கொண்டது. வந்த வாரம் தடிமன் பிடித்தது, கொத்தமல்லித் தண்ணியில் ஓடிவிட்டது. மற்றபடி சுகம். நீ எப்படி இருக்கிறாய்? கூரையில் அந்த ஓட்டைத் தகரத்தை அடைத்தார்களா?

ஏப்ரல் சீசனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனாலும் வாவிக் கரையில் வேலை தொடங்கிவிட்டது. நாகலிங்கம் முதலாளியின் படகுகளைக் கரையில் கவிழ்த்துப் போட்டு, சுரண்டி, தார் பூசி, மேலே பச்சையும் வெள்ளையும் அடிக்கிறோம். முதல் நாள் என்னைத் துடுப்புப் போடச் சொன்னார்கள். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்த கைக்குத் துடுப்பு என்ன பாரம் என்று உட்கார்ந்தேன். படகு நின்ற இடத்திலேயே பம்பரம் சுற்றியது. அழகன் என்று இங்கே ஒரு படகுக்காரன், நல்ல பையன், கரையில் நின்று கத்தினான்: "அண்ணே, நீங்க தேரு இழுக்கலீங்க! தண்ணிக்கு வலிக்காம இழுங்க!"

இரண்டு நாளில் பிடிபட்டுவிட்டது. விடிகிற நேரத்தில் நடு வாவிக்குப் போனால் அங்கே என்ன இருக்கிறது தெரியுமா மீனா? ஒன்றும் இல்லை. பனிதான். கரை இல்லை, மரம் இல்லை, நானும் படகும் மட்டும். வெயில் ஏற ஏறப் பீதுரு மலை தலைகீழாகத் தண்ணீருக்குள் வந்து நிற்கிறது. துடுப்பை வைத்தால் மலை உடைகிறது. எடுத்தால் ஒட்டிக்கொள்கிறது. இதையெல்லாம் உன்னை முன்னால் உட்கார வைத்துக் காட்ட வேண்டும் என்று இருக்கிறது.

ஒரு விசயம். சீசன் முடிந்ததும் ஒரே ஒரு படகுக்காரனை வருசம் முழுவதும் வைத்துக்கொள்ளப் போகிறாராம் முதலாளி. கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறையும் உண்டு. எட்டிப் பார்த்தேன். சன்னலைத் திறந்தால் தண்ணீர். அந்த இடம் எனக்குக் கிடைத்தால் நீ விடியக்காலைப் பெரட்டில் பேர் கொடுக்க ஓட வேண்டாம், மழையில் கொழுந்து பறிக்க வேண்டாம். முதலாளிக்கு என் கை பிடித்திருக்கிறது. அவருக்கு ஒரே சட்டம்தான். துடுப்புப் போடுகிறவன் தினமும் முகம் மழித்து வர வேண்டும். கொழும்பு அம்மாமார் ஏறுகிற படகாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சிவசாமி


கருக்குமலைத் தோட்டம்,
அட்டன், 2.3.1962

அன்பு மச்சானுக்கு மீனம்மா வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். ஓட்டைத் தகரம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கும் உங்களைப் பிரிந்த ஏக்கம்.

உங்கள் கடிதத்தைப் பக்கத்துக் காம்பிரா வீட்டு நாகலெட்சுமிக்கு மூன்று தடவை படித்துக் காட்டிவிட்டேன். "அக்கா, அந்த மலை ஒடையிற எடத்த இன்னொருக்கா படிங்க" என்கிறாள். நான் அதை மனப்பாடமாகவே சொல்லிவிடுவேன். படுத்தால் சன்னலுக்கு வெளியே தண்ணீர் அசைகிற மாதிரி இருக்கிறது. நம் காம்பிராவுக்கு ஏது சன்னல், சொல்லுங்கள்!

இரண்டு நாளாகக் கொழுந்துக்குப் போகவில்லை. வேலை பிரிக்கிற கண்டாக்கு ஐயா புல்லு வெட்டுக்குப் போட்டிருக்கிறார். சும்மாதான். எழுதுவதற்கு வேறு விசேசம் இல்லை.

அந்த இடத்தை யாருக்கும் விட்டுவிடாதீர்கள். வீட்டு நினைப்பு வேண்டாம். தினமும் முகத்தை மழித்துக்கொள்ளுங்கள். தாடி வைத்தால் உங்களுக்கு நன்றாகவும் இருக்காது, சுடலைக் காவல்காரன் மாதிரி இருக்கும்.

என்றும் உங்கள்
மீனம்மா


கருக்குமலைத் தோட்டம்,
4.3.1962

அன்புள்ள காளியாயி மதினிக்கு, மீனம்மா. நானுஓயாவில் நீங்களும் ரயில்வே அண்ணனும் பிள்ளைகளும் சுகமா? இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும். படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள்.

நாள் தள்ளிப் போயிருக்கிறது மதினி. தோட்டத்து மிட்வைஃப் அம்மா பார்த்துவிட்டு, "ரெண்டு மாசம் புள்ள, இந்தத் தடவ ஜாக்கிரதையா இரு" என்றார். உங்கள் தம்பி நுவரெலியா போகும்போது எனக்கே தெரியாது.

போன இரண்டு தடவையும் நடந்தது உங்களுக்குத் தெரியும். முதல் தடவை பெரிய கங்காணியின் பாடையைத் தூக்கினார், அந்த மாதமே கலைந்தது. அடுத்த தடவை தீபாவளிக்கு அட்டனுக்குப் போய் முகம் மழித்து வந்தார், அதுவும் நிற்கவில்லை. வயிற்றில் பிள்ளை இருந்தால் புருசன்காரன் பிணம் தூக்கக்கூடாது, முகம் மழிக்கக்கூடாது, தண்ணீரைக் கடக்கக்கூடாது என்று நம் ஆட்கள் வைத்திருக்கிற சட்டம்! மலை ஏறக்கூடாது என்றுகூட ஒன்று இருக்கிறது. அதைச் சொன்ன ஆள் அட்டன் பக்கம் வந்ததே இல்லை போலும்.

நான் அதையெல்லாம் பாதிதான் நம்புகிறேன். அவர் முழுசாக நம்புகிறார். "ரெண்டும் என்னாலதான் போச்சு" என்று மூலையில் உட்கார்ந்து அழுத மனிதர். இப்போது தெரிந்தால் அந்த நிமிசமே படகை விட்டு இறங்கிவிடுவார். அந்த வேலை போய்விடும், அறை போய்விடும்.

கோயில் பூசாரி இராமையாவிடம் கேட்டேன். "அறியாம செஞ்சா தோசம் ஒட்டாது தாயி, தெரிஞ்சு செஞ்சாத்தான் ஒட்டும்" என்றார். அதனால் மே மாதம் சீசன் முடிகிற வரைக்கும் அவருக்குத் தெரியவே கூடாது. தெரியாமல் அவர் மழிக்கட்டும், தண்ணீரில் போகட்டும், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. லயத்தில் அத்தனை வீட்டு வாயையும் கட்டிவிட்டேன். உங்கள் வாய்தான் பாக்கி.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

மீனம்மா


நானுஓயா,
14.3.1962

மீனம்மாவுக்குக் காளியாயி எழுதுவது. உன் காகிதம் கிடைத்ததும் மாரியம்மனுக்கு விளக்குப் போட்டேன். இங்கே எல்லாரும் நல்லபடி. சின்னவனுக்குத்தான் பல் முளைத்து ஊரைக் கூட்டுகிறான்.

என்ன புள்ள, என் வாயை அத்தனை ஓட்டை வாய் என்றா நினைத்தாய்? என் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். அம்மன்மேல் ஆணை.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். கறுத்துப் போயிருக்கிறான், ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம். சாப்பிடும்போதெல்லாம் வாவி, படகு, துடுப்பு. நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் வேலைக்கு முகம் மழிக்க வேண்டும் என்று உன் ரயில்வே அண்ணனின் சவரக்கத்தியைத் தேடினான். கிடைக்கவில்லை. இந்த வீட்டில் எந்தச் சாமான் வைத்த இடத்தில் இருக்கிறது? கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று என் முகத்தையே பார்த்தான். நானும் பார்த்தேன்.

நீ குனிந்து பாரம் தூக்காதே. எருமைப் பால் வாங்கிக் குடி.

காளியாயி


நுவரெலியா,
1.4.1962

அன்புள்ள மீனாவுக்கு, சிவசாமி. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபிக்காதே. பேனாவை எடுப்பேன், வைப்பேன், அப்படியே போய்விட்டது. நான் நல்ல சுகம். நீ சாப்பிடுகிறாயா? என்ன சாப்பிட்டாய் என்று ஒவ்வொன்றாக எழுது.

சீசன் வந்துவிட்டது. வாவிக் கரை முழுக்கக் குடையும் தொப்பியும். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைக் கரையில் இருந்து பார்த்தால் வாத்துக் குஞ்சுகள் மாதிரி இருக்கிறது. பிள்ளைகளுக்கு மட்டக்குதிரைச் சவாரியும் இருக்கிறது. ராணி என்று ஒரு கிழட்டுக் குதிரை. புல் கட்டைக் கண்டால்தான் நடக்கும். கொழும்புப் பிள்ளை ஒன்று அதன்மேல் ஏறி உட்கார்ந்து, "எஞ்சின் ஸ்டார்ட் ஆகல்லியே" என்று அழுதது. பிள்ளைகளைப் பிடித்து ஏற்றி இறக்கும்போது ஒவ்வொன்றின் கனமும் கையிலேயே தங்கிவிடுகிறது. சாயங்காலம் பனி இறங்கினால் சைப்ரஸ் மரங்களுக்கு இடுப்புக்கு மேலேதான் தெரியும். ராணியின் மணிச் சத்தம் மட்டும் கேட்கும்.

அக்கா வீட்டுக்காரரிடம் ஒரு ஸ்ட்ரோபெரி ஜாம் போத்தல் கொடுத்து ரயிலில் அனுப்புகிறேன். நல்ல புளிப்பு. புளிப்புச் சாப்பிட ஆசையாக இருந்தால் சாப்பிடு. சும்மா சொன்னேன். மேட்டு மலைக்குப் போகாதே, அங்கே வழுக்கும். வாளியில் தண்ணீர் தூக்காதே. நாகலெட்சுமியைத் தூக்கச் சொல்.

வேலை நன்றாகப் போகிறது.

சிவசாமி


கருக்குமலைத் தோட்டம்,
9.4.1962

அன்பு மச்சானுக்கு, மீனம்மா. நான் சுகம், போத்தல்தான் காலி. ரொட்டிகூட இல்லாமல் கரண்டியால் வழித்துத் தின்றுவிட்டேன். நாகலெட்சுமி ஒரு கரண்டி கேட்டாள், கொடுக்க மனசு வரவில்லை. அப்புறம் பாவமாகப் போய் மூடியை நக்கக் கொடுத்தேன். வருசப் பிறப்புக்கு நீங்கள் வர முடியாது என்று தெரியும். வராதீர்கள், முதலாளி கோபிப்பார்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். முதல் கடிதத்தில் தண்ணீருக்குள் மலை இருந்தது. இந்தக் கடிதத்தில் குதிரைச் சாணிதான் இருக்கிறது. நீங்கள் துடுப்புப் போடுகிறீர்களா, இல்லை கரையில் நின்று வேடிக்கை பார்க்கிறீர்களா? படுத்துக் கண்ணை மூடினால் நான் உங்கள் படகில்தான் இருக்கிறேன் மச்சான். பனி என் கன்னத்தில் படுகிறது. நடு வாவி வரைக்கும் வருகிறேன், அதற்கு அப்பால் என்ன என்று தெரியாமல் விழித்துக்கொள்கிறேன். அங்கே என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். ஒன்றும் விடாமல் எழுதுங்கள்.

சீசனுக்கு வரும் படம் பிடிக்கிறவர்கள் கரையிலேயே இருப்பார்களாமே. நீங்கள் படகில் உட்கார்ந்து துடுப்புப் பிடித்த மாதிரி ஒரு படம் வேண்டும். மாட்டேன் என்று சொல்லக்கூடாது.

மீனம்மா


நுவரெலியா,
24.4.1962

என் மீனாவுக்குச் சிவசாமி. வருசப் பிறப்பு அன்று நீ என்ன சேலை கட்டினாய்? இங்கே கூட்டம் நெரிந்தது. மலர்க்காட்சி, குதிரைப் பந்தயம், பாண்ட் வாத்தியம் என்று காது அடைத்துவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நடு வாவியைக் கேட்டாயே. சொல்கிறேன். அங்கே ஓர் இடம் இருக்கிறது. பார்வைக்கு மற்றத் தண்ணீர் மாதிரிதான் தெரியும். அங்கே போய்த் துடுப்பை மடியில் வைத்துவிட்டால் கரைச் சத்தம் ஒன்றுகூட வராது. பந்தயக் கூச்சல், மோட்டார் சத்தம், வாத்தியம், எல்லாம் அடங்கிவிடும். படகு தானாக ஆடும், தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்போதுதான் எழுந்து போன மாதிரி. இந்த ஊரில் தண்ணீர் என்றால் எலும்புவரை குளிரும். அந்த இடத்தில் மட்டும் கை வைத்தால் சுடும். இளஞ்சூடு. யாருக்கும் தெரியாது. உன்னையும், உன்னோடு யார் வந்தாலும் அவர்களையும், அங்கே கூட்டிக்கொண்டு போவேன். நீ கையை வைத்துப் பார்.

இனிமேல் கனவில் விழித்துக்கொள்ளாதே, அங்கேயே தூங்கு.

நீ கேட்ட படத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

சிவசாமி


கருக்குமலைத் தோட்டம்,
3.5.1962

மச்சானுக்கு. சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. சுகமாகத்தான் இருப்பீர்கள்.

படம் வந்தது. துடுப்பைப் பிடித்துக்கொண்டு என்ன கம்பீரம், அடேயப்பா! லயத்தில் எல்லாருக்கும் காட்டினேன். நாகலெட்சுமிதான் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்தத் தண்ணியில எப்புடிப் புல்லு மொளைச்சிருக்கு?" என்றாள்.

படகுக்கு அடியில் புல் இருக்கிறது மச்சான். கரையில் ஏற்றிப் போட்ட படகில் உட்கார்ந்து எந்த ஊருக்குத் துடுப்புப் போட்டீர்கள்?

அதற்கப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன். முதலில் நிழல் என்று நினைத்தேன். நிழல் இல்லை. தாடி. ஒரு மாதத்துக்கு மேலே வளர்ந்த தாடி. முகம் மழிக்காதவனைப் படகில் ஏற்றாத முதலாளியிடம் இந்தத் தாடியோடு என்ன வேலை பார்க்கிறீர்கள்? குதிரையா?

உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எப்போதோ தெரிந்திருக்கிறது. தெரிந்தும் தெரியாத மாதிரி வாளி தூக்காதே, வழுக்கும், புளிப்புச் சாப்பிடு என்று... நான் ஒரு மண்டு. இங்கே லயத்தில் ஒவ்வொருத்தர் வாயாய்ப் பொத்திக்கொண்டு திரிந்தேன். தலைசுற்றல் வந்தாலும் எழுதவில்லை. எதற்காக? அந்தச் சன்னலுக்காக. உங்கள் கையில் துடுப்பு இருக்கட்டும் என்பதற்காக. எல்லாம் போயிற்றா? ஒளிக்காமல் எழுதுங்கள்.

கோபமாகத்தான் இருக்கிறேன். ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நேற்று வயிற்றுக்குள் அசைந்தது. போன இரண்டும் இத்தனை நாள் இருக்கவில்லை.

மீனம்மா


நுவரெலியா,
13.5.1962

என் மீனா, அசைந்தது என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரியை ராணிக்குக்கூடப் படித்துக் காட்டினேன். நான் சுகம். இப்போதுதான் சுகம்.

அக்காவைத் திட்டாதே. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்குச் சவரக்கத்தியைத் தேடித் தேடி, கடைசியில் அரிசிப் பானைக்குள் கை விட்டேன். கத்தி அங்கே இருந்தது. அக்கா வந்தாள், என் கையிலிருந்து வாங்கினாள், திரும்பவும் அரிசிக்குள்ளேயே புதைத்தாள். "தேத்தண்ணி குடிக்கிறியா தம்பி?" என்று கேட்டாள். உன் வயிற்றில் பிள்ளை என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது அழுதேன், பக்கத்தில் இருந்த சிங்கள ஐயா வெற்றிலை கொடுத்துத் தேற்றினார்.

மறுநாள் முதலாளியிடம் போய், தண்ணீர் வேலை வேண்டாம், கரையில் எதைக் கொடுத்தாலும் செய்கிறேன் என்றேன். காரணம் கேட்டார், சொன்னேன். அவரும் பிள்ளை குட்டிக்காரர். "ஒனக்கு இந்த எடத்த வச்சிருந்தேனே சிவசாமி" என்று மட்டும் சொன்னார். அந்த இடம் அழகனுக்குப் போய்விட்டது. அவனுக்கும் பெண்சாதி இருக்கிறாள். சன்னல் வீணாகப் போகாது.

நீ மறைக்கிறாய் என்று தெரிந்தது. நான் படகில் இருக்கிறேன் என்ற நினைப்பில் நீ நிம்மதியாகத் தூங்குகிறாய் என்றும் தெரிந்தது. அதைக் கெடுக்க மனசு வரவில்லை. பூசாரி சொன்னதைக்கூட, எனக்குத் தெரியும் என்று நானே போய்ச் சொன்ன பிறகுதான் அக்கா சொன்னாள். எனக்குத்தான் தெரிந்துவிட்டதே, அப்புறம் எப்படி ஒட்டாமல் போகும்? மூன்றாவது தடவையும் நானே காரணமாக இருக்க முடியாது மீனா. முகம் கழுவுகிற தண்ணீரைத் தவிர வேறு தண்ணீருக்குப் பக்கத்தில் போகவில்லை.

அந்த நடு வாவி இடம் பொய். அப்படி ஒரு இடம் இல்லை. நீ கேட்டாய், நான் கரையில் நின்றுகொண்டிருந்தேன், வேறு என்ன எழுதுவேன்?

மாதக் கடைசியில் வருகிறேன். கண்டாக்கு ஐயாவிடம் கவ்வாத்துக்குப் பேர் போடச் சொல். ஓட்டைத் தகரத்தை நானே அடைக்கிறேன்.

சுடலைக் காவல்காரன்
சிவசாமி


கருக்குமலைத் தோட்டம்,
20.4.1963

அன்புள்ள மதினிக்கு மீனம்மா. வருசப் பிறப்புக்கு உங்கள் வீட்டில் சாப்பிட்டது இன்னும் வயிற்றில் இருக்கிறது. தெய்வானைக்குட்டி சுகம். பிறந்து ஆறு மாதத்துக்குள் லயத்தில் எல்லார் மடியையும் நனைத்துவிட்டாள். உங்கள் தம்பியும் சுகம். தீட்டுக் கழித்த அன்று தாடியை எடுத்தாரே, அந்த முகத்தை இவள் அடையாளம் தெரியாமல் வீறிட்டு அழுதாள் என்று சொன்னேனா?

அண்ணனுக்கு லீவு கிடைக்காததால் நீங்கள் வாவிக்கு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அழகன் தம்பி எங்கள் மூன்று பேரையும் தன் படகிலேயே ஏற்றியது. உங்கள் தம்பிக்குச் சும்மா உட்கார்ந்து வரத் தெரியவில்லை. அழகன் துடுப்பை இழுத்தால் இவர் உடம்பும் பின்னால் சாய்கிறது. "அண்ணே, நீங்க இழுக்கலீங்க" என்று அது சிரித்தது. கொட்டகைக்குப் பின்னால் அந்த அறையைப் பார்த்தேன். சன்னல் திறந்திருந்தது, அழகன் பெண்சாதி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் அதிக நேரம் பார்க்கவில்லை.

தண்ணீருக்குள் மலை இருந்தது மதினி. துடுப்பு வைத்தால் உடைந்தது, எடுத்தால் ஒட்டிக்கொண்டது. கடிதத்தில் இருந்தபடியே இருந்தது. தெய்வானை என் மடியில் தூங்கிவிட்டாள்.

நடுவே போனதும் நான் அழகனிடம் கேட்டேன். "தம்பி, இங்க ஒரு எடம் இருக்குதாமே, கரைச் சத்தமே வராதாமே, அங்க நிப்பாட்டுங்க."

அழகன் முழித்தது. "அப்படி ஒரு எடம் எனக்குத் தெரியலியே அக்கா."

உங்கள் தம்பி தலை குனிந்துகொண்டார். இன்னும் கொஞ்ச தூரம் போக விட்டு, "இதுதான், நிப்பாட்டுங்க" என்றேன். அழகன் துடுப்பை மடியில் வைத்தது.

சத்தம் கேட்கத்தான் செய்தது மதினி. பாண்ட் வாத்தியம், மோட்டார், குதிரைமேல் அழுகிற பிள்ளை எல்லாமே கேட்டது. நான் குனிந்து தண்ணீரில் கை வைத்தேன். பனிக்கட்டி. விரல் மரத்துப் போயிற்று. கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுடுதா?" என்று கேட்டார்.

"சுடுது மச்சான்" என்றேன்.

உங்கள்
மீனம்மா